விண்மீன் ஒளிபட்ட முகில்கள்



கார்த்திகை மீன் கூட்டத்தை அறியாதார் நம்முள் மிகச் சிலரே. ஆண்டின் இறுதி மாதங்களில் முன்னிரவிலேயே கீழ்வானில் எழுந்து, நடுவானை நெருங்கிச் செல்லும் அச்சிறு கூட்டத்தில் வெறுங்கண்ணுக்கு ஆறு மீன்கள் தெரிகின்றன; கூரிய பார்வையுடையார் அதற்கு மேலும் எண்ணுவர். ஆயின், அம்மீன்களைச் சுற்றி மெல்லிய நீலப் புகைபோன்ற ஒரு பொருள் படர்ந்திருப்பது கண்ணுக்குப் புலனாவதில்லை. 1859 ஆம் ஆண்டில் வில்லெம் தெம்பெல் என்னும் ஜேர்மானிய வானியலாளர், வெனிசு நகரில் இருந்தவாறே, சிறியதொரு தொலைகாட்டியால் அதனை முதன்முதலிற் கண்டார். கண்ணாடிமேல் ஊதிய மூச்சுப்போல அது மங்கித் தோன்றியது.

அப்புகை எதனால் ஒளிர்கின்றது? தானே எரிகின்றதா, அன்றி வேறொன்றின் ஒளியைக் கடன் பெற்று நிற்கின்றதா? இவ்வினாவுக்கு விடை கிடைக்க ஐம்பது ஆண்டுகளுக்கு மேற் சென்றன. 1912 ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள லோவல் வானாய்வு நிலையத்தில் வெஸ்டோ சிலைபர் என்பார் அம்முகிலின் ஒளியை அரியத்தின் வழியே பகுத்து நிறமாலையைப் படம் பிடித்தார். எரியும் வாயுவுக்கு உரிய ஒளிக்கோடுகள் எவையும் அதில் இருக்கவில்லை. மாறாக, அருகிலிருந்த விண்மீனின் நிறமாலையே அங்கும் காணப்பட்டது. மதி தனக்கென ஒளியின்றி ஞாயிற்றின் ஒளியால் விளங்குமாறு போல, இம்முகிலும் விண்மீனின் ஒளியைத் தெறிக்கச் செய்தே விளங்குகின்றது என்பது அன்று தெளிவாயிற்று. இத்தகையவற்றைத் தெறிப்பு முகில்கள் என வழங்குதல் பொருந்தும்.

தெறிப்பதற்கு ஒரு பொருள் வேண்டுமன்றோ? அப்பொருள் தூசி. நம் வீட்டுத் தூசியை இங்கு நினைத்தல் கூடாது. ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்கிரன் எனப்படும். விண்வெளித் தூசித் துகள்களிற் பெரும்பாலானவை அந்த ஒரு மைக்கிரனிலும் சிறியவை. மணலையும் கரியையும் ஒத்த பொருளால் ஆனவை. இத்துணைச் சிறிய துகள்கள் நீல ஒளியை மிகுதியாகவும் செவ்வொளியைக் குறைவாகவும் சிதறச் செய்யும். அதனாலேயே கார்த்திகையின் புகை நீலமாகத் தோன்றுகின்றது. இன்னொன்றையும் இங்குக் குறிப்பிடலாம். அப்புகை கார்த்திகை மீன்கள் பிறந்த கருவறையின் மிச்சம் என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. உண்மை அதுவன்று. மீன் கூட்டமும் முகிலும் வெவ்வேறு திசைகளிலிருந்து வந்து வழியிற் சந்தித்த இரு வழிப்போக்கரே.

இனி, இன்று நாம் ஆராயப் புகும் வினாவுக்கு வருவோம். ஒரு முகில் உள்ளே எவ்வாறு அமைந்துள்ளது? பஞ்சுப் பொதிபோல எங்கும் ஒரே சீராக நிறைந்துள்ளதா? அன்றி நூலும் முடிச்சும் இடைவெளியுமாகக் கிடக்கின்றதா? இது வெறும் ஆர்வத்தால் எழும் வினா அன்று. விண்மீனின் கடும் ஒளி முகிலுக்குள் எவ்வளவு ஆழம் புகும், அங்குள்ள மூலக்கூறுகளுள் எவை பிழைக்கும், எவை சிதையும், முகிலின் எந்தப் பகுதி இறுகி நாளை ஒரு விண்மீனாகும் என்பன யாவும் இவ்வொரு வினாவின் விடையையே பற்றி நிற்கின்றன. சீரான முகில் எனக் கொண்டு போட்ட கணக்கு, துளைகள் நிறைந்த முகிலுக்கு ஒருபோதும் பொருந்தாது.

கண்ணுக்குப் புலனாகும் ஒளி இவ்விடத்தில் நமக்குப் பெரிதும் உதவுவதில்லை. மலைப்பாதையில் மூடுபனியூடே மோட்டார் வண்டி செலுத்தியவர்கள் இதனை அறிவர். விளக்கின் ஒளி பனித்துளிகளிற் பட்டுப் பலமுறை சிதறுவதால் எங்கும் வெண்மையே தெரியும். பனியினுள்ளே தடித்த இடம் எது, மெலிந்த இடம் எது என்று தெரியாது. தூசி முகிலும் அத்தன்மைத்தே. ஆதலால் வேறொரு ஒளியை நாட வேண்டியதாயிற்று.

அவ்வொளியைக் கண்டறிந்தவர் இங்கிலாந்தில் வாழ்ந்த வில்லியம் ஹேர்ஷல். 1800 ஆம் ஆண்டில் அவர் ஞாயிற்றொளியை அரியத்தாற் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பு முடிந்த இடத்துக்கு அப்பால், ஒளியே தெரியாத வெற்றிடத்தில் வைத்த வெப்பமானியே எல்லாவற்றிலும் மிக ஏறியது. கண்ணுக்குத் தெரியாத இக்கதிர்களே செந்நிறக்கீழ்க் கதிர்கள். இவற்றின் அலைநீளம் தூசித் துகளின் அளவிலும் பெரிதாகையால், தூசி இவற்றை அவ்வளவாகத் தடுப்பதில்லை. அன்றியும், சூடேறிய தூசியும் கிளர்ச்சியுற்ற மூலக்கூறும் தாமே வெளிவிடும் ஒளியும் இப்பகுதியிலேயே அமைகின்றது. எனவே செந்நிறக்கீழ் ஒளியிற் பார்ப்பவர் முகிலின் முகத்தை மட்டுமன்றி, அதன் உடலையும் காண்கின்றார்.

ஆனால் இக்கதிர்களைப் பூமியில் நின்று பெறுதல் எளிதன்று. வளிமண்டலத்திலுள்ள நீராவி இவற்றிற் பெரும்பகுதியை விழுங்கி விடுகின்றது. நம் நாட்டைப் போன்ற ஈரலிப்பு மிக்க வானம் இவ்வாராய்ச்சிக்குச் சற்றும் ஏற்றதன்று. மேலும், தொலைகாட்டியும் அதனைச் சூழ்ந்த காற்றும் தம் வெப்பத்தால் இக்கதிர்களையே வெளிவிடுகின்றன. ஒளிரும் தொலைகாட்டியைக் கொண்டு மங்கிய முகிலைத் தேடுவது பட்டப்பகலில் விண்மீனைத் தேடுவதை ஒக்கும். ஆகவே வானியலாளர் முதலில் உயர்ந்த, வறண்ட மலைகளை நாடினர். ஹவாய்த் தீவிலே 4,200 மீற்றர் உயரமுள்ள மௌனா கீயா மலையுச்சி அவ்வாறு புகழ் பெற்றது. பின்னர் 1970களின் நடுப்பகுதி முதல் 1995 வரை, கைப்பர் என்பாரின் பெயர் தாங்கிய ஆகாயவிமானம் ஒன்று தொலைகாட்டியுடன் பறந்தது. 1983 இல் திரவ ஈலியத்தாற் குளிரூட்டப்பட்ட செய்மதி ஒன்று, பத்து மாதங்களில் ஏறத்தாழ வானம் முழுவதையும் செந்நிறக்கீழ் ஒளியில் அளந்தது. அதன் பின் வந்தவை பல. 2021 ஆம் ஆண்டு டிசெம்பர் 25 ஆம் நாள் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைகாட்டி, 6.5 மீற்றர் அகலமான ஆடியுடன் இவ்வரிசையில் தலைசிறந்து நிற்கின்றது.

கருவிகளைப் பற்றி இவ்வளவு போதும். ஒரு முகிலை எடுத்துக்கொண்டு அதனுள்ளே புகுவோம்.

வடவானில் சிபியசு என்னும் உடுத்தொகுதியில், வானியலாளரின் புதிய பொதுப் பட்டியலில் 7023 ஆம் எண் பெற்ற முகில் ஒன்றுண்டு. ஐரிசு மலரை ஒத்த தோற்றத்தால் அதற்கு அம்மலரின் பெயரும் வழங்குகின்றது. யாழ்ப்பாணத்திலிருந்து நோக்கினால் அது அடிவானத்துக்கு மேல் முப்பது பாகையளவே உயரும். அதுவும் வெறுங்கண்ணுக்குத் தோன்றாது. 1794 இல் அதனைக் கண்டவரும் முன்னர் நாம் கூறிய அதே ஹேர்ஷல்தான். தாம் கண்ட முகிலும் தாம் கண்ட கதிரும் பிற்காலத்தில் ஒன்றையொன்று விளக்கப் போகின்றன என்பதை அவர் அறிந்திருக்க வழியில்லை. நமக்கு அது ஏறத்தாழ 1,200 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அதன் நடுவே வெப்பம் மிக்க இளம் விண்மீன் ஒன்று ஒளிர்கின்றது. கார்த்திகையைப் போலன்றி, இது அம்முகிலிலேயே பிறந்த பிள்ளை. பிறந்தபின் தன்னைச் சூழ்ந்த வாயுவை வெளித்தள்ளி ஒரு குகையைக் குடைந்துகொண்டது. அக்குகையின் சுவர்களே விண்மீனின் ஒளிபட்டு விளங்குகின்றன.

1980களின் தொடக்கத்தில் கிறிஸ்டன் செல்கிரென் என்னும் அமெரிக்க ஆய்வு மாணவி, இம்முகிலையும் இதனை ஒத்த வேறு இரு முகில்களையும் செந்நிறக்கீழ் ஒளியில் அளந்தார். அடுப்புக்கு அருகிலிருக்கும் கல் மிகச் சூடாகவும், தள்ளியிருக்கும் கல் குறைந்த சூடாகவும் இருக்குமன்றோ? அவ்வாறே விண்மீனை விட்டு விலக விலகத் தூசியும் குளிர்தல் வேண்டும். கணக்கின்படி அங்குள்ள தூசி நூறு கெல்வின் பாகைக்கும் குறைவான வெப்பநிலையில் இருத்தல் வேண்டும். அவர் கண்டதோ வேறு. ஒளியின் நிறம் ஏறத்தாழ ஆயிரம் பாகை வெப்பநிலையைக் காட்டிற்று. அதனினும் வியப்பு, விண்மீனுக்கு அருகிலும் தொலைவிலும் அவ்வெப்பநிலை மாறாதிருந்தது! தொலைவு கூடக் கூட ஒளியின் அளவு குறைந்ததே தவிர, அதன் நிறம் மாறவில்லை.

1984 இல் அவர் வெளியிட்ட விளக்கம் எளிமையானது. அவ்வெளிமையே அதன் அழகு. ஓர் அண்டா நிறைந்த நீரின்கீழ் ஒரு தீக்குச்சியைக் கொளுத்திப் பிடித்தால் நீருக்கு எதுவும் நேராது. அதே தீக்குச்சியை ஒரு துளி நீர் உள்ள கரண்டியின்கீழ் பிடித்தால் நீர் உடனே கொதித்து விடும். முகிலில் உள்ள தூசியுள் ஒரு பகுதி, சில பத்து அணுக்கள் மட்டுமே சேர்ந்த மிக நுண்ணிய துகள். விண்மீனிலிருந்து வரும் ஊதாக்கடந்த ஒளியின் ஒரே ஒரு போட்டன் அதன்மேற் பட்டால், அத்துகள் கணப்பொழுதில் ஆயிரம் பாகைக்கு ஏறி, செந்நிறக்கீழ் ஒளியை வீசிச் சில நொடிகளிற் குளிர்ந்து விடுகின்றது. விண்மீனுக்கு அருகே இது அடிக்கடி நிகழும். தொலைவில் அருகியே நிகழும். ஆனால் நிகழும் ஒவ்வொரு முறையும் ஏறும் சூடு ஒன்றே. நிறம் மாறாமைக்குக் காரணம் இதுவே.

அத்துகள்கள் யாவை? அதே 1984 இல் பிரான்சு நாட்டு அறிஞர்களான லெஜேயும் புஜேயும், அவை காபன் அணுக்கள் அறுகோண வளையங்களாக இணைந்து, ஓரங்களில் ஐதரசன் தாங்கிய மூலக்கூறுகள் என்றனர். அலுமாரியில் உடைகளுக்கிடையே வைக்கும் பூச்சியுருண்டையில் உள்ள நப்தலீன் இக்குடும்பத்தின் மிகச் சிறிய உறுப்பினர். விறகடுப்பின் கரியிலும் மண்ணெண்ணெய் விளக்கின் புகையிலும் இக்குடும்பத்தார் பலர் உள்ளனர். 3.3, 6.2, 7.7, 8.6, 11.3 மைக்கிரன் அலைநீளங்களில் விண்முகில்கள் காட்டும் ஒளிப்பட்டைகள் இவ்வகை மூலக்கூறுகளின் அதிர்வுக்குப் பொருந்துகின்றன. ஆயினும் இன்ன மூலக்கூறே என்று தனித்தனியே பெயர் சொல்லி அப்பட்டைகளால் அடையாளம் காட்டுதல் அரிது. குடும்பத்தின் சாயல் தெரிகின்றது, ஆளின் முகம் தெரியவில்லை. 2010 இல் மட்டும் ஒரு முகம் தெளிவாயிற்று. அறுபது காபன் அணுக்கள் உதைபந்தின் தையல்போல இணைந்த மூலக்கூறு இந்த 7023 ஆம் முகிலில் இருப்பதைச் செல்கிரெனும் அவரோடு பணியாற்றியோரும் காட்டினர்.

தூசி இவ்வாறிருக்க, முகிலின் பெரும்பகுதி தூசியன்று, ஐதரசன் வாயுவே. குளிர்ந்த நிலையில் ஐதரசன் மூலக்கூறு எவ்வகை ஒளியையும் வீசாத ஊமை எனலாம். ஊதாக்கடந்த ஒளி பட்டால் அது வாய் திறக்கின்றது. போட்டனை விழுங்கிய மூலக்கூறுகளிற் பத்தில் ஒரு பங்கு அளவில் இரண்டு அணுக்களாக உடைந்து விடும். எஞ்சியவை மாடிப்படியில் இறங்குவோரைப் போலப் படிப்படியாகச் சக்தியை இழக்கும். அவ்வாறு இறங்கும்போது வீசும் ஒளிகளுள் 2.12 மைக்கிரன் அலைநீளம் உடையது, மலையுச்சியிலிருந்தே காணத்தக்கது. இனி இதனைக் கருதுக. முகிலுக்கு வெளியே ஊதாக்கடந்த ஒளி உண்டு. ஆனால் மூலக்கூறுகள் உடைந்து போயின. முகிலுக்குள்ளே மூலக்கூறுகள் உண்டு. ஆனால் ஒளி புகவில்லை. இரண்டும் சந்திக்கும் மெல்லிய எல்லையில் மட்டுமே 2.12 மைக்கிரன் ஒளி எழும். கடல் கரையைத் தொடும் இடத்தில் நுரை ஒரு கோடாக விளங்குவதை ஒப்ப, முகிலின் கரையை இவ்வொளி கோடிட்டுக் காட்டுகின்றது.

1990களில் மௌனா கீயாவிலுள்ள கனடா–பிரான்சு–ஹவாய் தொலைகாட்டியைக் கொண்டு 7023 ஆம் முகிலின் இக்கரை கூர்ந்து படம் பிடிக்கப்பட்டது. கண்டது ஒழுங்கான கரையன்று. மெல்லிய இழைகள் பல, ஒன்றன்பின் ஒன்றாகவும் ஒன்றோடொன்று பின்னியும் கிடந்தன. சிலவற்றின் தடிப்பு வானில் ஒரு விகலை அளவே. இரண்டு சென்ரிமீற்றர் அகலமுள்ள நாணயம் ஒன்றை நான்கு கிலோமீற்றருக்கு அப்பால் வைத்தால் அது கண்ணிற் பிடிக்கும் கோணமே ஒரு விகலை. அத்தொலைவில் அஃது, ஞாயிற்றுக்கும் பூமிக்கும் இடையேயுள்ள தூரத்தைப்போல் நானூறு மடங்குக்குச் சற்றுக் குறைந்த நீளமாகும். நமக்கு இது பெரிதாகத் தோன்றலாம். ஒளியாண்டுக் கணக்கில் விரிந்த முகிலுக்கோ அது மயிரிழை. இழைகளுக்கு வெளியே ஒரு கன சென்ரிமீற்றரிற் சில ஆயிரம் அணுக்கள் உள்ளனவென்றால், இழைகளுள் இலட்சக் கணக்கில் உள்ளன. நாம் மூச்சிழுக்கும் காற்றோடு ஒப்பிட்டால் அதுவும் வெற்றிடமே என்பதை மறத்தல் கூடாது.

இவ்விழைகள் இரு சிக்கல்களை எழுப்பின. முதலாவது காலம் பற்றியது. அடர்ந்த இழை, தன்னைச் சுற்றியுள்ள மெல்லிய வாயுவிலும் மிக்க அமுக்கம் உடையதாயின், அவிழ்ந்து பரவுதல் வேண்டும். நொடிக்கு ஒரு கிலோமீற்றர் வேகத்திற் பரவினாலும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளில் அது கலைந்து விடும். முகிலின் வாழ்நாளோ இலட்சக் கணக்கான ஆண்டுகள். ஆகவே ஒன்று, காந்தப் புலம் போன்ற ஏதோவொன்று இழைகளைக் கட்டிப் பிடித்திருத்தல் வேண்டும். அன்றேல், கொந்தளிப்பினாலும் விண்மீன் ஒளியின் தாக்கத்தினாலும் பழையன கழியப் புதியன ஓயாது தோன்றிக் கொண்டிருத்தல் வேண்டும். இரண்டாவது சிக்கல் வடிவம் பற்றியது. நாம் இழை என்று காண்பது உண்மையில் கயிறுதானா? மெல்லிய துணியை விளிம்பிலிருந்து பார்த்தால் அதுவும் நூல்போலவே தெரியும். சேலையின் கொசுவம் தூரத்தே கோடுகளாகத் தோன்றுவதில்லையா? படம் தட்டையானது. அதில் ஆழம் தெரியாது.

முகில்கள் துளையுடையன என்பதற்கு வேறு சான்றும் முன்னரே கிடைத்திருந்தது. தனு உடுத்தொகுதியிலுள்ள, மெசியேயின் பட்டியலில் 17 ஆம் எண் பெற்ற முகிலைக் கைப்பர் விமானத்திலிருந்து ஆராய்ந்தோர், இலத்திரனை இழந்த காபன் அணுக்கள் வீசும் 158 மைக்கிரன் ஒளியை முகிலின் ஆழத்திலும் கண்டனர். சீரான முகிலில் ஊதாக்கடந்த ஒளி அவ்வளவு ஆழத்துக்குச் செல்ல இயலாது. கட்டிகளுக்கிடையே சந்துகள் இருந்தாலன்றி அது நிகழாது.

அண்மை ஆண்டுகளில் இவ்வாராய்ச்சிக்குப் புதுவேகம் பிறந்துள்ளது. ஓரையன் உடுத்தொகுதியிலே குதிரைத் தலை வடிவான கருமுகில் ஒன்றுண்டு. 1888 இல் ஆவார்டு வானாய்வு நிலையத்தில் எடுக்கப்பட்ட படத்தட்டில் அதனை முதலிற் குறித்தவர் வில்லியமினா பிளெமிங் அம்மையார். ஏறத்தாழ 1,300 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அதன் பிடரி மயிர்ப் பகுதியை ஜேம்ஸ் வெப் தொலைகாட்டி எடுத்த படங்கள் 2024 ஏப்ரலில் வெளிவந்தன. ஒளிபட்ட விளிம்பு தன்மேல் தானே மடிந்து கிடக்கின்றது. ஐதரசன் உடையும் எல்லைக்கும், உடைந்த அணு இலத்திரனை இழக்கும் எல்லைக்கும் இடையே, ஞாயிற்றுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தைப்போல் நூறு மடங்குக்கும் குறைந்த இடமே உள்ளது. அவ்விளிம்பிலிருந்து செங்குத்தாக மெல்லிய கீற்றுகள் வெளியே நீளுகின்றன. ஒளியின் சூட்டால் ஆவியாகி வெளியேறும் வாயு, தூசியையும் உடன் இழுத்துச் செல்வதே அக்கீற்றுகளாகத் தெரிகின்றது எனக் கருதப்படுகின்றது. குதிரையின் பிடரி நம் கண்முன்னே கரைந்து கொண்டிருக்கின்றது. ஏறத்தாழ ஐம்பது இலட்சம் ஆண்டுகளில் அத்தலையே இல்லாது போகும் என்பது கணக்கு.

வடிவம் பற்றிய சிக்கலுக்கு ஒளி கிடைத்தது எதிர்பாராத ஓரிடத்திலிருந்து. காசியோப்பியா உடுத்தொகுதியில், நமக்கு ஏறத்தாழ 11,000 ஒளியாண்டுத் தொலைவில், பேரொளியோடு வெடித்த ஒரு விண்மீனின் சிதைவு உள்ளது. அவ்வெடிப்பின் ஒளி நேர்வழியே பூமியை அடைந்து ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுகளாயின. ஆனால் அவ்வொளியின் மற்றொரு பகுதி வேறு திசையிற் சென்று, வழியிற் கிடந்த முகில்களைத் தாக்கிச் சூடேற்றியது. அம்முகில்களின் செந்நிறக்கீழ் ஒளி, சுற்றுவழியே இப்பொழுதுதான் நம்மை வந்தடைகின்றது. மலைச்சுவரிற் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் போன்ற இதனை ஒளியின் எதிரொலி எனலாம். இதன் சிறப்பு யாதெனில், வெடிப்பின் அவ்வொளித் துடிப்பு மிகக் குறுகிய நேரமே நீடித்தது. ஆதலால் ஒரு சமயத்தில் முகிலின் ஒரு மெல்லிய சீவல் மட்டுமே ஒளிர்கின்றது. சில வாரங்கள் கழித்துப் பார்த்தால் அடுத்த சீவல் ஒளிர்கின்றது. பலகையை ஒன்றன்பின் ஒன்றாக அறுத்து மரத்தின் உள்ளமைப்பை அறிவது போல, முகிலின் ஆழத்தை அறிய இதுவே வழி.

2024 ஆகஸ்டு, செப்டெம்பர் மாதங்களில் ஜேம்ஸ் வெப் தொலைகாட்டி இவ்வெதிரொலியை மீண்டும் மீண்டும் படம் பிடித்தது. 2025 ஜனவரியில் அப்படங்கள் வெளியாயின. அங்குக் கிடந்தவை கயிறுகள் அல்ல. நெருக்கமாக அடுக்கிய மெல்லிய தாள்கள். அவற்றில் ஞாயிற்றுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தைப்போல் நானூறு மடங்கு அளவான நுண்ணிய அமைப்புகள் தெரிந்தன. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் ஐரிசு முகிலின் கரையிற் கண்ட இழைகளின் அளவும் இதுவேயன்றோ! தாள்களிடையே, பலகையின் வரிகளுக்கிடையே கணுக்கள் இருப்பது போல, இறுகிய முடிச்சுகளும் காணப்பட்டன. காந்தப் புலமே இத்தாள்களை ஒழுங்குபடுத்தியிருக்கலாம் என்பது ஆராய்ந்தோர் கருத்து.

இம்முகில், இளம் விண்மீன் எதுவும் அருகிலிருந்து குடைந்து செதுக்காத முகில் என்பதைக் கவனித்தல் வேண்டும். ஐரிசு முகிலின் இழைகளை விண்மீனின் ஒளியே உண்டாக்கிற்று என்போர்க்கு இஃது ஓர் இடையூறு. தாக்கும் விண்மீன் இல்லாத இடத்தும் அதே நுண்ணமைப்பு இருக்குமாயின், ஒளி அதனை உண்டாக்கவில்லை. முன்னரே இருந்ததை நமக்குக் காட்டிற்று என்பதே பொருந்தும் என எனக்குத் தோன்றுகின்றது. ஆயினும் ஒரு முகிலைக் கொண்டு எல்லா முகில்களையும் அளத்தல் தகாது. காசியோப்பியாவின் ஒளித் துடிப்போ நில்லாது சென்றுகொண்டே இருக்கின்றது. அது தொட்ட தாள் இருளடைய, இனித் தொடவிருக்கும் தாள் ஒளிபெறும். எனவே அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படம் பிடித்து, சீவலுக்கு மேல் சீவலாக அடுக்கி, முகிலின் முழு வடிவத்தையும் வரைதல் இயலும்.